பாரசீகமா, சயாமியமா: தங்கவயல் வீட்டிற்கு எந்தப் பூனை?

கோலார் தங்கவயலைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் அண்மையில் ஒரே வினாவை எழுப்பினர்: வீட்டில் வளர்ப்பதற்குப் பாரசீகப் பூனை ஏற்றதா, சயாமியப் பூனை ஏற்றதா? வழக்கமான விடை யாவரும் அறிந்ததே. பாரசீகம் அமைதியானது, சயாமியம் துறுதுறுப்பானது, உங்கள் இயல்புக்கு ஒத்ததை வாங்குங்கள் என்பார்கள். இவ்விடை எனக்கு உடன்பாடன்று. நம் ஊரில் வளர்ப்பவரின் இயல்பைக் காட்டிலும் ஊரின் தூசும் லைன் வீட்டுச் சுவரும் இரயில் நேரமுமே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மண் மூன்று கோடி டன்னுக்கும் மேல் சயனைடு மேடுகளாக நின்றுவிட்டது. காற்றுக் காலத்தில் அம்மண் வீட்டுக்குள் வந்து படிவதை இவ்வூராருக்கு விளக்க வேண்டியதில்லை. பாரசீகப் பூனையின் நீண்ட மயிரை நாள்தோறும் சீவாவிட்டால் அது சிக்கலாகத் திரண்டுவிடும். பூனை தன் உடலை நாவாலேயே துப்புரவு செய்கிறது; ஆகவே மயிரில் படிந்தது வயிற்றுக்குள் செல்கிறது. அதன் தட்டை முகமோ இயற்கை தந்ததன்று. மேலை நாட்டு வளர்ப்பாளர்கள் கடந்த நூற்றாண்டில் தம் விருப்பத்திற்கேற்பத் தெரிந்தெடுத்துப் பெருக்கியது. அதனால் மூக்குத்துளை ஒடுங்கிற்று, கண்ணீர் வடியும் குழாய் வளைந்தது. எந்நேரமும் கசியும் கண்ணோடு, மூச்சுக்குத் திணறும் ஓர் உயிரைச் சிலிக்காத் தூசு பறக்கும் ஊருக்குக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்தூசு மூச்சை என்ன செய்யும் என்பதை நம் பாட்டன்மார் சுரங்கத்தில் கண்டவர்கள். இவ்வினத்தில் மரபுவழிச் சிறுநீரகக் கட்டி நோயும் மிகுதி. மரபணுச் சோதனை பரவுமுன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பூனைகளுக்கு அது இருந்ததாக ஆய்வுகள் கண்டன.

சயாமியத்தின் மயிர் குட்டையானது. சீப்பு ஏறக்குறைய வேண்டாம். அதன் நிறமும் சுவையான செய்தி. நிறமியை உருவாக்கும் நொதி குளிர்ந்த இடத்தில்தான் செயற்படும். எனவே காதும் முகமும் காலும் வாலும் மட்டும் கருக்கின்றன. ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள நம் ஊரின் சயாமியம் சென்னையில் வளர்வதைவிடச் சற்றுக் கருத்திருக்கக்கூடும்.

ஆனால் அதன் குரல்! மொழியியல் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நிற்கிறேன். மில்ட்ரெட் மோல்க் 1944-இல் வீட்டுப் பூனையின் ஒலிகளை ஒலியியல் முறையில் ஆராய்ந்து 16 வகைகளாகப் பகுத்தார். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோட்ஸ் அவ்வொலிகளின் ஏற்றஇறக்கத்தை ஆராய்ந்துள்ளார். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று கத்துவது அரிது; அது பெரும்பாலும் மனிதரை நோக்கிய ஒலி. சயாமியம் அதை உரத்தும் ஓயாதும் எழுப்பும். ஒரே சுவரைப் பகிரும் லைன் வீடுகளில் அது பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும். இரவுப்பணி முடிந்து பகலில் உறங்குபவர் அங்கிருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.

இரயில் நேரம் இதனினும் முக்கியம். வைகறையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்டு இரவில் திரும்பும் குடும்பங்கள் இங்கு ஏராளம். சயாமியம் தனிமையைத் தாங்காது. பாரசீகம் ஒருவாறு தாங்கும். ஆனால் களைத்துத் திரும்பியவருக்கு அதைச் சீவிவிடத் தெம்பிருக்குமா?

எனவே என் கருத்து இது. பகல் முழுதும் பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீடெனில் சயாமியம். பாரசீகம் இவ்வூரில் எவ்வீட்டிற்கும் வேண்டாம். பகலில் பூட்டிக்கிடக்கும் வீடெனில் இரண்டும் வேண்டாம். தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக்குட்டிகள் இரண்டை ஒன்றாக எடுத்து வளர்த்தால் ஒன்றுக்கொன்று துணையாகும். நாட்டுப் பூனைக்கு மதிப்பில்லை என்போர்க்கு ஒரு சொல்: கன்னட அயலார் சொல்லும் 'பெக்கு', தொல்காப்பிய மரபியல் குறிப்பிடும் 'வெருகு' என்பதன் உறவுச்சொல். அவ்வளவு பழைய உறவு நமக்கும் பூனைக்கும்.

சயாமியமே வாங்குவதானால் விழித்திரைச் சிதைவு நோய்க்கான மரபணுச் சோதனைச் சான்றைக் கேளுங்கள். தாய்ப்பூனையை நேரில் காட்ட மறுப்பவரிடமும், 12 வாரம் நிறையாத குட்டியைத் தர முன்வருபவரிடமும் வாங்காதீர்கள்.