கீழாநெல்லியும் கல்லீரலும்: எங்கள் நிலைப்பாடு

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா? தூத்துக்குடிப் பகுதியின் திரேஸ்புரத்திலும் தருவைகுளத்திலும் முள்ளக்காட்டு உப்பளங்களிலும் மக்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எங்கள் பதில் இது. இரத்தப் பரிசோதனை முடிந்து, என்ன காமாலை என்று தெரியும்வரை வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி என்று தெரிந்துவிட்டால், டாக்டர் தரும் மருந்தை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் எக்காலத்திலும் வேண்டாம். அதற்காகக் கீழாநெல்லியை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் பக்கமும் நாங்கள் நிற்கவில்லை.

தள்ள முடியாததற்குக் காரணம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும், சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் சேர்ந்து, இந்த வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. நம் வேலியோரச் செடிக்கு உலக மருத்துவ மேடையில் அப்படியோர் இடம் கிடைத்ததில் எங்களுக்கும் பெருமை உண்டு.

ஆனால் அந்தக் கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. 1990-இல் தாய்லாந்திலும் 1994-இல் நியூசிலாந்திலும் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி அலசிய 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தது. செடியின் இனம் வேறாக இருந்திருக்கலாம், மண் வேறாக இருந்திருக்கலாம், சாறு எடுத்த முறை வேறாக இருந்திருக்கலாம். அது இன்னும் தீராத வழக்கு. தீராத வழக்கை வைத்துக்கொண்டு ஓர் உயிருக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

அப்படியானால் மூன்று நாள் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாற்றை மோரில் கலந்து குடித்தவர்களுக்குக் குணமானது எப்படி? கெட்ட தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணிகின்றன. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி வகையும் அநேகமாக அப்படித்தான். சாறு குடித்தாலும் தணிந்திருக்கும், குடிக்காவிட்டாலும் தணிந்திருக்கும். ஆபத்து மற்றவர்களுக்குத்தான்: ஈ வகை தாக்கிய கர்ப்பிணிக்கு, பித்தக்குழாயில் கல் அடைத்தவருக்கு, பி வைரஸ் பல ஆண்டு சத்தமில்லாமல் ஈரலைச் சுருக்கிக்கொண்டிருப்பவருக்கு. கண் மஞ்சள் குறைந்ததுமே நோய் போய்விட்டது என்று அவர் மறுபடி கடலுக்கோ துறைமுகத்துக்கோ போய்விடுகிறார். அடுத்தமுறை வரும்போது வயிற்றில் நீர் கட்டியிருக்கும்.

பத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்பில்லை, எண்ணெயில்லை, மீனில்லை என்று நோயாளியைப் பட்டினி போடுவது ஈரலுக்கு உதவாது, உடலைத்தான் கரைக்கும். உப்பை எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். மூலிகை என்றால் கெடுதலே செய்யாது என்ற பேச்சும் தவறு. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். இப்போது நம் கடற்பாசியிலிருந்து ஈரல் கொழுப்புக்கான சாற்றை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்திருக்கிறது. அதையும் நாங்கள் இதே கண்ணோடுதான் பார்ப்போம்: மனிதர்களிடம் முறையாகச் சோதித்த முடிவைக் கேட்போம்.

எங்கள் கோரிக்கை கீழாநெல்லி ஆய்வை நிறுத்துவதல்ல, ஒழுங்காக நடத்துவது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இதைக் கையிலெடுக்க வேண்டும். செடியின் இனத்தை உறுதிசெய்து, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, ஹெபடைட்டிஸ் பி-க்கு டாக்டர் தரும் டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்தாமல் அதனுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிட வேண்டும். இங்கிருந்து ஆய்வில் சேரும் மீனவருக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் தமிழில் விளக்கி ஒப்புதல் பெறுவதோடு, அவர்கள் இழக்கும் நாள்கூலியையும் ஈடுகட்ட வேண்டும்.

தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அந்த நாள் பிளம்பர்க்கின் பிறந்தநாள். உலக ஹெபடைட்டிஸ் தினமும் அதுவே. அத்திட்டத்தில் பி, சி வகைகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சங்கு குளிப்பவரும் லாரி ஓட்டுநரும் பகல் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க முடிவதில்லை என்பதால், அந்தப் பரிசோதனை மாலையில் மீன்பிடித் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் வர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறக்கும்போது தொற்றும் பி வைரஸ் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் நிலைத்துத் தங்கிவிடுகிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று செவிலியரிடம் கேளுங்கள்; போடவில்லை என்றால் போடச் சொல்லுங்கள்.