காரியாலய நுகத்தடி

ஏர் பூட்டி உழுத எங்கள் முன்னோர், பொழுது சாய்ந்ததும் எருதின் கழுத்திலிருந்து நுகத்தடியை இறக்கினர். வாயில்லாச் சீவனுக்கும் இளைப்பாற உரிமை உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த உழவர் குடியிலே, காணியை ஈடு வைத்துப் படிப்பித்த பிள்ளை இன்று கொழும்பிலே காலை எட்டு மணிக்குக் கழுத்தைக் கொடுக்கிறது. இரவு பத்து மணியாகியும் நுகத்தடி இறங்குவதில்லை. வாடகை அறைக்குத் திரும்பிய பின்னரும் மேலதிகாரியின் அதட்டல் கைத்தொலைபேசி வழியாகத் தொடர்கிறது. எருதுக்கு இருந்த உரிமை எங்கள் பிள்ளைக்கு இல்லையா?

அண்மையில் இருவர் என்னிடம் வந்தனர். ஒருவர் வெள்ளவத்தையில் வசிக்கும் இளம் கணக்காளர். வேலையிற் சேர்ந்த அன்றே, திகதியிடாத இராஜினாமாக் கடிதத்தில் அவரிடம் கையொப்பம் பெற்றிருந்தனர். மற்றவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பெண்மணி. விற்பனை இலக்கை எட்டாத மாதத்தில், சக ஊழியர் முன்னிலையில் அவரை எழுப்பி நிறுத்தி ஏசினராம். இருவரும் என்னிடம் வழக்குப் பேசவில்லை. “இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்துப் போகலாமா ஐயா?” என்றே கேட்டனர்.

பொறுமை நற்குணந்தான், மறுக்கவில்லை. ஆனால் உரிமை பறிபோகும் இடத்தில் பொறுமை காப்பவன், பறிப்பவனுக்குத் துணை போகிறான். இதற்குச் சான்று தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. அச்சட்டம் வருமுன்பே சேவையிற் சேர்ந்த தமிழ் எழுதுவினைஞர்களையும் அது விட்டுவைக்கவில்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாதோருக்குச் சம்பள ஏற்றமில்லை என 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கை பிறந்தது. வயிற்றிலே கைவைத்து முதுகை வளைக்கும் வித்தை அது. அரசாங்கக் கந்தோராயினும் தனியார் கம்பனியாயினும் அன்றும் இன்றும் அந்த வித்தை ஒன்றேதான்.

அன்று கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் பரீட்சைக்கு அமர மறுத்தார். 1962 இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் முணுமுணுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாரா? இல்லை, கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஏறினார். 1964 இல் அந்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றமோ, அரச ஊழியன் சம்பளத்துக்காக முடிக்குரியவர் மீது வழக்காட முடியாதென்று கூறி அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று விதித்தது. மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற வினாவை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அதற்கு விடை பிறக்கவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 1972 இன் புதிய அரசியலமைப்பு, அவ்வழக்கு ஊன்றி நின்ற 29 ஆம் பிரிவையே இல்லாதொழித்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. கேட்க ஒருவர் துணிந்ததால், ஊழியனின் சம்பளம் எசமானின் பிச்சையன்று, வழக்காடிப் பெறத்தக்க உரிமை என்பது நிலைநாட்டப்பட்டது. அதன் பயன் தமிழருக்கு மட்டுமன்று, சிங்கள ஊழியருக்கும் உரியதே. ஆனால் நீதிமன்றத்தில் வென்றதை அரசியல் பறித்துக்கொள்ளும். ஆகவே தனிமனிதத் துணிவு மட்டும் போதாது, அமைப்பும் வேண்டும்.

இன்றைய ஊழியரிடம் ஆயுதம் இல்லையா? உண்டு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணியும் வாரத்துக்கு 45 மணியுமே சாதாரண வேலைநேரம் என்கிறது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு உரியது. நிர்வாகத் தரத்தினருக்கு ஒழுங்குவிதிகளில் விலக்கு உண்டென்பது உண்மை. அதனாலன்றோ நேற்று வந்த பையனுக்கும் பெரிய பதவிப் பெயர் சூட்டுகிறார்கள்! பெயர் நிர்வாகி, வேலை எடுபிடி. நிர்ப்பந்தித்துப் பெற்ற இராஜினாமா விருப்பத்தோடு கொடுத்த இராஜினாமா ஆகாது. அதனைப் பணிநீக்கமென வாதிட்டுத் தொழில் நியாயசபையின் கதவைத் தட்டலாம். தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமையை 1978 அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை கூறுகிறது.

“சங்கமா? அது துறைமுகத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது; நாங்கள் படித்தவர்கள்” என்று கழுத்துப்பட்டி அணிந்த கனவான்கள் முகஞ்சுளிக்கிறார்கள். கழுத்துப்பட்டி அணிந்த கழுத்திலும் நுகத்தடி ஏறும், ஐயா! தோட்டத் தொழிலாளி தன் சம்பளத்துக்காகக் கூட்டாகக் குரல் எழுப்புகிறான். பட்டதாரியான நீரோ கழிவறையிற் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்புகிறீர். உம்மில் யார் படித்தவர்?

“வேலை போய்விட்டால்?” என்ற அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஊரில் ஈடு வைத்த காணி மீளவேண்டும். தங்கையின் படிப்பும் நடக்கவேண்டும். அந்த அச்சத்தை அறிந்தே எசமான் அதட்டுகிறான். தனித்து நிற்பவனை நீக்குவது எளிது. நாற்பது பேர் கையொப்பமிட்ட கடிதத்தை நீக்குவது எளிதன்று.

ஆகவே ஊரிலுள்ள பெற்றோரே, பிள்ளை தொலைபேசியில் பேசும்போது சம்பளத்தை மட்டும் கேளாதீர்கள். எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்பினாய் என்றும் கேளுங்கள். கொழும்பிலுள்ள இளைஞரே, இன்றிரவே ஒரு கொப்பியில் உங்கள் வேலைநேரத்தைத் திகதியோடு குறிக்கத் தொடங்குங்கள். உங்கள் அயல்மேசைக்காரரையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கொப்பிகள் நாளை நியாயசபையில் சாட்சி கூறும். அவற்றைச் சேர்த்து வைப்பவர்கள் ஒரு சங்கமாவார்கள்.

நுகத்தடியை எருது தானாக இறக்க முடியாது. மனிதனால் முடியும்.