பாசாங்கா, பிணியா?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர பேஸ்பால் குழுவின் பந்தெறிவீரராக விளங்கியவர் ஜே. ஆர். ரிச்சர்ட். ஆறடி எட்டங்குல ஆகிருதி. 1979ஆம் ஆண்டில் மட்டும் 313 தடவை மட்டைக்காரர்களை அடிக்கவிடாமலே வெளியேற்றியவர். அத்தகையவர் 1980இல், கை செத்துப்போனது போல் இருக்கிறதென்று முறையிடலானார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. சோம்பல் என்றார்கள், சக ஆட்டக்காரரின் பெரிய சம்பளத்தைப் பார்த்துப் பொருமுகிறார் என்றார்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு.

அவ்வாண்டு ஜூலை 30ஆம் தேதி பயிற்சியின்போது அவர் சுருண்டு விழுந்தார். பக்கவாதம்! கழுத்து ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அப்போது வயது முப்பது. பிரதான ஆட்டங்களில் அவர் மறுபடி பந்தெறியவேயில்லை. வியாபார நஷ்டமும் சேர்ந்துகொள்ள, 1990களில் சில காலம் ஒரு பாலத்தடியில் படுத்துறங்கினார். 2021இல் காலமானார்.

கைக்குச் செல்லும் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவிலுள்ள இடுக்கின் வழியே போகின்றன. அவை அங்கே நெரிபடுவதைத்தான் டாக்டர்கள் 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்கிறார்கள். ரிச்சர்டுக்கு நெரிபட்டது தமனி, அது அபூர்வம். பெரும்பாலோருக்கு நெரிபடுவது நரம்பு. அதில் உயிருக்கு ஆபத்தில்லை, ஆபத்தெல்லாம் பிழைப்புக்குத்தான்.

கூரைக்கு வர்ணம் பூசுகிறவர், மின்சாரக் கம்பி இழுப்பவர், முடி திருத்துபவர் ஆகியோர் கையைத் தூக்காமல் என்ன வேலை செய்ய முடியும்? ஒரு மூட்டையைத் தூக்கிக்காட்டு என்றால் இந்த நோயாளியும் ஒருவேளை தூக்கிக்காட்டி விடுவார். உயர்த்திய கையோடு சில நிமிஷம் நின்றால்தான் விரல் மரத்து, பிடி நழுவும். நரம்பு நெரிபட்டவர்களில் பலருக்கு எக்ஸ்ரே படம் ஒன்றும் சொல்லாது. நரம்புச் சோதனையும் பழுதில்லை என்றே சொல்லக்கூடும். காகிதத்தில் ஆரோக்கியம், ஏணியில் அவஸ்தை!

ஆகவே, வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் டாக்டர்கள் பலத்தை மட்டும் அளந்தால் போதாது; எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பார்க்கவேண்டும். கைகளை உயர்த்தி மூன்று நிமிஷம் விரல்களை மூடித் திறக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அது ஒன்றே முடிவு கூறிவிடாது. ஆனால் அதற்கு யந்திரம் வேண்டாம், கடிகாரம் போதும். முறையான தேகப் பயிற்சியால் பலர் தேறுகிறார்கள். சிலருக்கு விலா எலும்பையே அகற்ற நேரிடுகிறது. எதற்கும் மாதக்கணக்கில் அவகாசம் தேவை. அதுவரை தோளுக்குக் கீழே கையை வைத்துச் செய்யும் வேலையை முதலாளிகள் கொடுக்கலாம். நிற்கும் பலகையை ஓரடி உயர்த்தினாலே கை ஓரடி தாழுமே!