கைப்பேசியை வாங்கி வைத்தாயிற்று, அடுத்து என்ன?

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாத நிலையை 2026 முதல் கொண்டுவரப்போவதாகத் தொடர்புத்துறை அமைச்சர் டத்தோ ஃபாமி ஃபட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். அடுத்த மாதம் 10ஆம் தேதி, ஆஸ்திரேலியா இத்தகைய தடையை உலகிலேயே முதல் நாடாக நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் 2026 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. வயதை எப்படி உறுதிப்படுத்துவது, பிள்ளைகளின் தனிப்பட்ட தகவல்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்றெல்லாம் பெரியவர்கள் விவாதிக்கிறார்கள். தேவையான கேள்விகள்தான். ஆனால் ஜெலாப்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எழுந்த கேள்வி வேறு.

படிவம் இரண்டில் படிக்கும் என் தங்கையிடமிருந்து ஓர் இரவு எட்டு மணிக்கு அம்மா கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார். “சரிம்மா, இப்ப நான் என்ன செய்யறது?” என்று அவள் கேட்டாள். அம்மாவிடம் பதில் இல்லை. பருவ விடுமுறைக்கு வந்திருந்த என்னிடமும் இல்லை. அந்த நேரத்தில் நான் என் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. யூபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் அகற்றப்பட்ட பின், கீழ்ப்படிவ மாணவர்களுக்கு அந்தப் பெரிய தேர்வுகளின் நெருக்கடி இல்லை. இன்னொரு பக்கம், சுகாதார அமைச்சு 2022இல் பதின்ம வயதினரிடம் நடத்திய தேசிய ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. எல்லாவற்றுக்கும் கைப்பேசிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால், அங்கே சலிப்பும் சண்டையும்தான் வந்து உட்காரும். முதல் வாரம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

“ஏதாவது பொழுதுபோக்கைக் கற்றுக்கொள்” என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. அது ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று தடைகள் தெரிந்தன.

முதலாவது, பணம். ஓவியம், இசை, நடனம் எதுவானாலும் வகுப்பு, மாதக் கட்டணம், போக்குவரத்து என்று செலவு நீளும். கடையில் பெட்டியாக விற்கும் கைவினைத் தொகுப்புகள் ஒரு முறை செய்ததோடு முடிந்துவிடும். அடுத்ததற்கு மறுபடியும் பணம் வேண்டும்.

இரண்டாவது, இடம். எங்கள் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். லயத்து வீடு சிறியதுதான். ஆனால் முன்னால் மண்வாசல் இருந்தது. கோலம் போடுவதும் தென்னங்குருத்தில் தோரணம் பின்னுவதும் அந்த வாசலில் தினப்படி வாழ்க்கையோடு ஒட்டியிருந்தன. அவற்றுக்குப் ‘பொழுதுபோக்கு’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இப்போது எங்களுக்கு வாசல் என்பது நாலு குடும்பம் நடக்கும் பொது நடைபாதை. “வாசல் இருந்தாத்தானேய்யா கோலம்” என்பார் பாட்டி. தீபாவளிக்கு மட்டும் கதவோரம் சிறியதாக ஒன்று போடுவார்.

மூன்றாவது, புள்ளி. அரசுப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆகவே எதைச் செய்தாலும் “சான்றிதழ் கிடைக்குமா?” என்று கேட்கப் பழகிவிட்டோம். சான்றிதழ் இல்லாவிட்டால் படம் எடுத்துப் போட்டு விருப்பக்குறி எண்ணுகிறோம். வீட்டு மூலையில் யாரும் பார்க்காமல் செய்வதற்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த மூன்றையும் தாண்டக்கூடியதாக எங்கள் வீட்டில் அகப்பட்டது, பாட்டியின் கோலம்தான். மாவும் வாசலும் இல்லை. கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று, பென்சில், அழிப்பான். எல்லாம் சேர்த்து ஐந்து வெள்ளிகூட ஆகவில்லை. பாட்டி சொல்லச் சொல்லத் தங்கை புள்ளி வைத்தாள். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தவன், அரை மணி நேரத்தில் இன்னொரு பென்சிலைத் தேட ஆரம்பித்தேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். வரிசைக்கு 3 புள்ளி வீதம் 4 வரிசை வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் கடந்துபோகும்படி கோட்டை இழுங்கள். ஓரத்துக்கு வந்தால் மட்டும் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்புங்கள். பென்சிலை எடுக்காமலே 12 புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். இதையே 4க்கு 4 என்று வைத்தால் ஒரே கோட்டில் முடியாது. தனித்தனியாக நான்கு கோடுகள் வேண்டும். 4க்கு 6 என்றால் இரண்டு. காரணம், படிவம் ஒன்றில் நாம் படித்த எஃப்.எஸ்.டி.பி., அதாவது மீப்பெரு பொதுக் காரணி. இரண்டு எண்களுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் “நாலுக்கு நாலு வச்சா இழை பிரிஞ்சு போயிரும்” என்று தங்கை வரைவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

இதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக விளக்கி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அண்மைக் கால உதாரணமும் உண்டு. 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜோ பைடன், துணை அதிபர் கமலா ஹாரிஸ் பதவியேற்பை ஒட்டி, பல சமூகத்தினர் தத்தம் வீட்டில் இருந்தபடியே சிறு சதுரங்களில் கோலம் வரைந்து அனுப்பினார்கள். அவற்றை ஒன்றுசேர்த்துப் பெரிய கோலமாக்கினார்கள். கொரோனா காலத்தில் வெளியே போக முடியாதவர்களுக்கு ஒரு சதுரத் துண்டு போதுமானதாக இருந்தது.

இதற்கு மறுப்புகளும் வரும். “கோலம் பொண்ணுங்க வேலை” என்று என் நண்பன் சிரித்தான். 6க்கு 9 போட்டால் எத்தனை கோடு வரும் என்று கேட்டேன். சிரிப்பு நின்று, தாளை எடுத்தான். “எனக்கு வரைய வராது” என்பவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பழைய நாளிதழில் காகித மடிப்பு செய்யலாம், கிழிந்த துணியில் தையல் பழகலாம், நாளுக்கு நாலு வரி எழுதலாம். எதை எடுத்தாலும் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். செலவு ஐந்து வெள்ளிக்குள் அடங்குமா? சாப்பாட்டு மேசையில் செய்ய முடியுமா? அரை மணியில் ஏதாவது ஒன்று முடியுமா? கற்றுத்தர வீட்டிலேயோ பக்கத்து வீட்டிலேயோ ஆள் இருக்கிறாரா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காணொளியைப் பார்த்துக் கற்கப் போனால், எதிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ அங்கேயே திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

பள்ளிகளும் கொஞ்சம் மாற வேண்டும். பல பள்ளிகளில் கோலம் என்றால் தீபாவளிக்கு முன் ஒரு போட்டி, மூன்று பரிசு, அதோடு சரி. தோற்ற மாணவர் அடுத்த ஆண்டுவரை அதைத் தொடுவதில்லை. தமிழ்மொழிக் கழகம் வாரம் அரை மணி நேரம், மதிப்பெண்ணும் நடுவரும் இல்லாமல், ஆண் பெண் எல்லாரையும் உட்கார வைத்து வரையச் சொல்லலாம். கணித ஆசிரியரும் ஒரு நாள் வந்து உட்காரலாம். பெற்றோர் விலை கொடுத்துப் பெட்டி வாங்கித் தர வேண்டியதில்லை. புத்தகமும் பென்சிலும் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தால் போதும். அதோடு, பிள்ளையின் கைப்பேசியை வாங்கி வைக்கும் நேரத்தில் அவர்களும் தங்கள் கைப்பேசியை வைத்துவிட வேண்டும். இது அண்ணன்மார்களுக்கும் பொருந்தும்.

என் தங்கை முற்றாக மாறிவிட்டாள் என்று கதை கட்ட மாட்டேன். “போன் எப்ப தருவீங்க?” என்று இன்னமும் தினமும் கேட்கிறாள். ஆனால் வாரத்தில் மூன்று, நான்கு இரவு அந்தக் கணக்குப் புத்தகம் மேசைமேல் திறந்திருக்கிறது. பாட்டிக்கும் எட்டு மணிக்குப் பேச ஆள் கிடைத்திருக்கிறது. போன வாரம் தங்கை 5க்கு 7 போட்டு, ஒரே இழையில் முடித்து, பாட்டியிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கோட்டை விரலால் ஒரு சுற்று முழுக்கத் தொடர்ந்து பார்த்தார். பிறகு, “இங்க ஒரு புள்ளிய விட்டுட்டே” என்றார். அவள் அழிப்பானை எடுத்தாள்.