சட்டம் மட்டுமே போதுமா?

அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் வளர்ச்சி முழுவதும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டத்தின் விளைவே என்றும், ஆன்சன் டோரன்ஸ் போன்ற பயிற்சியாளர்கள் அதன் பலனை அறுவடை செய்தவர்கள் மட்டுமே என்றும் முன்வைக்கப்படும் வாதம் பாதி உண்மையை முழு உண்மையாகக் காட்டுகிறது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால்வழிப் பாகுபாட்டைத் தடைசெய்த அச்சட்டம் கதவைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கதவு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒருசேரத் திறந்திருக்க, வட கரோலினா பல்கலைக்கழக அணி மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்றது எவ்வாறு என்பதை அவ்வாதம் விளக்குவதில்லை.

1979இல் அவ்வணியைத் தொடங்கிய டோரன்ஸ், பயிற்சியின் ஒவ்வொரு மோதலையும் பதிவுசெய்து வீராங்கனையரைத் தரவரிசைப்படுத்தும் முறையை வகுத்தார். கடும் போட்டி பெண்களின் இயல்புக்கு ஒவ்வாதது என்ற அன்றைய நம்பிக்கையை அம்முறை களத்திலேயே தகர்த்தது. தேசிய அணிக்கும் பொறுப்பேற்ற அவர், 1987இல் 15 வயதான மியா ஹாமைக் களமிறக்கினார். 1991இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அவரது அணி நார்வேயை 2–1 என வென்றது. அவ்வணியின் தலைவியும் அவரிடம் பயின்றவருமான ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், பின்னர் பயிற்சியாளராக 2004 ஒலிம்பிக் தங்கத்தை அமெரிக்காவுக்குப் பெற்றுத் தந்தார். இத்தகைய வழிமரபை எந்தச் சட்டப்பிரிவும் தானாக உருவாக்கிவிடாது.