காதலர் தினமும் ஒரு தட்டுப் பழமும்

பெப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் நகரத்துக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளிலே சிவப்பு நிற இதயங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. சொக்கலேட்டுப் பெட்டி, பஞ்சுக் கரடி, வாழ்த்து மடல் என்று பலவும் 14ஆந் திகதியை எதிர்நோக்கி அடுக்கப்படுகின்றன. இவையெல்லாம் வாலிபருக்காக வைக்கப்பட்டவை என்று பெற்றோர் எண்ணுவர். ஆனால், பாடசாலை விட்டு வீடு திரும்பும் பத்து வயதுப் பாலகனும் அக்கடையின் முன்னே சற்று நின்றுதான் வருகின்றான். வந்ததும், "எனக்கும் ஒரு சிவப்புப் பெட்டி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கின்றான். தாயானவள், "அது பெரியவர்களுடைய விஷயம், உனக்கு எதற்கு?" என்று அதட்டிவிடுகின்றாள், அல்லது தொல்லை தாங்காது வாங்கிக் கொடுத்துவிடுகின்றாள். இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அதனைப் பற்றியே இவ்வாரம் வாசக நேயர்களோடு பேச விரும்புகின்றோம்.

அதட்டுவதற்கு முன்னர் இத்தினத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. கி. பி. 3ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியிலே உயிர் துறந்தவராகக் கூறப்படும் வலன்டைன் என்னும் கிறித்தவ அடியாரின் திருநாள் இது. அவரைப் பற்றிய உறுதியான செய்திகள் மிகக் குறைவாதலால், 1969ஆம் ஆண்டிலே கத்தோலிக்கத் திருச்சபை தனது பொது நாட்காட்டியிலிருந்து இத்திருநாளை நீக்கிவிட்டது. இந்நாளைக் காதலோடு சேர்த்துப் பாடியவர்களுள் முற்பட்டவர் 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞராகிய சோசர். பறவைகள் தத்தம் துணையைத் தேர்ந்தெடுக்கும் நாளாக அவர் இதனைக் கற்பித்தார். பின்னர், 1860ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தைச் சேர்ந்த றிச்சட் கட்பரி என்னும் வணிகர் இதய வடிவமான பெட்டியிலே சொக்கலேட்டை இட்டு விற்கலானார். ஆகவே, இன்று நம் பிள்ளைகளின் கண்ணைக் கவரும் சிவப்புப் பெட்டி சமயம் தந்ததுமன்று, கவிதை தந்ததுமன்று, வணிகம் தந்தது.

ஆயினும், பிள்ளைகளுக்கு இந்நாளிலே இடமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பின்லாந்து தேசத்திலே பெப்ரவரி 14ஆந் திகதிக்கு 'நண்பர் தினம்' என்றே பெயர். அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளிலே சிறுவர் தம் வகுப்புத் தோழர்களுக்குச் சிறு மடல்களைக் கொடுத்து மகிழ்கின்றனர். கொடுப்பதாயின் வகுப்பிலுள்ள அனைவருக்கும் கொடுக்கவேண்டும், ஒருவரையும் விட்டுவிடலாகாது என்பது பல பாடசாலைகளின் விதி. அவ்விதியை வகுத்தவர்கள் பிள்ளைகளின் உள்ளத்தை அறிந்தவர்கள் என்றே நாம் கருதுகின்றோம்.

ஏனெனில், ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதன் மறுபக்கத்தைக் கண்டிருக்கின்றோம். இத்தினத்திலே வசதியுள்ள வீட்டுப் பிள்ளையொருவன் விலையுயர்ந்த சொக்கலேட்டுகளைக் கொண்டுவந்து தனக்கு வேண்டிய நாலைந்து பேருக்கு மாத்திரம் பங்கிட்டான். பின் வாங்கிலிலே இருந்த மாணவனொருவன், தன் புத்தகப் பையினுள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். பகிர்வு முடியும்வரை அவன் தலை நிமிரவில்லை. அவனுக்குச் சொக்கலேட்டு கிடைக்கவில்லை என்பதைக் காட்டிலும், தானும் எதையேனும் கொடுக்க இயலவில்லையே என்பதுதான் அவனுக்குப் பெருந்துயராக இருந்திருக்கும். அன்பின் பெயரால் நடக்கும் ஒரு காரியம் பிள்ளைகளை உள்ளோர் என்றும் இல்லோர் என்றும் பிரித்துவிடுமாயின், அதனைத் திருத்தும் பொறுப்பு வீட்டிற்கும் உண்டு, பாடசாலைக்கும் உண்டு.

உடல்நலத்தையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். பால் கலந்த சொக்கலேட்டிலே ஏறத்தாழப் பாதி சீனி. 50 கிராம் துண்டொன்றைத் தின்னும் பிள்ளை சுமார் 25 கிராம் சீனியை உட்கொள்ளுகின்றது. அஃதாவது ஆறு தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிவுரையின்படி, உணவிலே சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி, நாளொன்றிற்கு வேண்டிய மொத்தச் சக்தியிலே பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதிலொரு பங்குக்குக் குறைந்தால் இன்னும் நன்று. அவ்விருபதிலொரு பங்கு, வளர்ந்த ஒருவருக்கே சுமார் 25 கிராம்தான். சிறு பிள்ளைக்கு அதனினும் குறைவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டு முதல் மென்பான போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இடப்படலாயின. சொக்கலேட்டை அறவே விலக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. எப்போதாவது ஒரு துண்டு தின்பதால் குடி முழுகிப் போய்விடாது. ஆனால், அன்பென்றால் சீனிதான் என்று பிள்ளை கற்றுக்கொள்ளுமானால், அப்பாடத்தை மாற்றுவது பின்னர் கடினமாகிவிடும்.

பழத்திலும் இனிப்பு உண்டே என்று சிலர் வினவலாம். முழுப் பழத்தினுள் இயல்பாக அமைந்துள்ள இனிப்பு மேற்சொன்ன கணக்கிலே சேராது. அது நாரோடும் நீரோடும் கலந்திருப்பதால் மெல்ல மெல்லவே உடலிற் சேரும், வயிறும் நிறையும். பழத்தைப் பிழிந்து சாறாக்கிவிட்டாலோ, அச்சாற்றின் இனிப்பு அக்கணக்கிலே சேர்ந்துவிடுகின்றது. ஆதலின், பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியது பழமே, பழச்சாறு அன்று. பழமும் காய்கறியுமாக நாளொன்றிற்கு 2 முதல் 5 வயது வரையான பிள்ளைக்கு 250 கிராமாவது, 6 முதல் 9 வயது வரை 350 கிராமாவது, அதற்கு மேற்பட்டோருக்கு 400 கிராமாவது வேண்டுமென 2023ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன அறிவுரை கூறுகின்றது.

அப்பழம் கப்பலேறி வந்ததாக இருக்கவேண்டும் என்னும் நியதியில்லை. 100 கிராம் அப்பிளிலே 'விற்றமின் சி' 5 மில்லிகிராம் அளவே உண்டு. தோடம்பழத்திலும் பப்பாசிப்பழத்திலும் 50 முதல் 60 மில்லிகிராம் வரை உண்டு. நம் வேலியோரத்துக் கொய்யாப்பழத்திலோ 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. விலையிற் குறைந்தது குணத்திலும் குறைந்தது என்று நினைப்பது எத்துணைத் தவறு என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, கால் மணி நேரத்திலே ஆயத்தஞ் செய்யக்கூடிய இதயப் பழத்தட்டைப் பார்ப்போம். நான்கு பிள்ளைகளுக்குத் தேவையானவை:

நன்கு பழுத்து, ஆயினும் குழைந்துபோகாத பப்பாசிப்பழம் – பாதி
கதலி அல்லது கப்பல் வாழைப்பழம் – 4
கொய்யாப்பழம் – 1
தோடம்பழம் – 1
கட்டித் தயிர் – ஒரு தேநீர்க் கோப்பை
தேசிக்காய் – பாதி
கித்துள் பாணி – 2 தேக்கரண்டி (விரும்பினால் மாத்திரம்)

முதலிலே கைகளையும், எல்லாப் பழங்களையும் தோலோடு நன்றாகக் கழுவிக்கொள்ளுதல் வேண்டும். தோலை நீக்கப் போகின்றோமே, ஏன் கழுவ வேண்டும் என்று எண்ணலாகாது; தோலிலுள்ள அழுக்கையும் கிருமியையும் கத்தியே உள்ளே கொண்டு சென்றுவிடும்.

பப்பாசிப்பழத்தின் தோலையும் விதையையும் நீக்கி, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டுகளாக அம்மா அல்லது அப்பா வெட்டிக் கொடுக்கட்டும். அடுப்பிலே இலேசாக வாட்டிய வாழையிலைத் துண்டொன்றை இரண்டாக மடித்து, பாதி இதயமாகக் கத்தரித்து விரித்தால் முழு இதயம் கிடைக்கும். அதனைப் பப்பாசித் துண்டின் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றி வெட்டினால், கடையிலே அச்சு வாங்கவேண்டிய அவசியமில்லை.

வாழைப்பழத்தை உரித்து, அதன் இரு நுனிகளையும் சுமார் மூன்று சென்ரிமீற்றர் நீளத்திலே சாய்வாக வெட்டிக்கொள்க. வெட்டிய முகங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திவைத்தால், நுனிகளின் உருண்டை மேலேயும் கூர் கீழேயுமாக அழகிய இதயமொன்று அமையும். வெண்ணெய் பூசும் மழுங்கிய கத்தியே இதற்குப் போதும். ஆகவே இவ்வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். உயர்வகுப்பு மாணவர்கள் இதிலே கேத்திரகணிதத்தையும் காணலாம். உருளையொன்றைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் வட்டமாக இராது, நீள்வளையமாக இருக்கும். வெட்டுச் சாய்வு 45 பாகையாயின், பொருத்திய இரு துண்டுகளும் தம்முள் 90 பாகைக் கோணத்தை ஆக்கும். அக்கோணமே இதயத்தின் கூர்.

வெட்டிய வாழைப்பழம் சிறிது நேரத்திற் கறுத்துவிடும். பழத்திலுள்ள நொதியமொன்று காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. தேசிப்புளியின் அமிலம் அந்நொதியத்தின் வேகத்தைத் தணிக்கும். ஆதலால், வெட்டியவுடன் சில துளி தேசிச்சாற்றைத் தடவிவிடுதல் வேண்டும்.

மிஞ்சிய பப்பாசித் துணுக்குகள், வாழைப்பழத்தின் நடுப்பகுதிகள், பொடியாக நறுக்கிய கொய்யாப்பழம் ஆகியவற்றைத் தயிரோடு கலந்து தட்டின் நடுவே குவித்து வைக்க. அதனைச் சுற்றி இதயங்களை அடுக்கி, இடையிடையே விதை நீக்கிய தோடஞ்சுளைகளை வைத்தால் மஞ்சளும் செம்மஞ்சளும் வெண்மையுமாகத் தட்டு நிறைந்துவிடும். பழங்கள் நன்கு பழுத்திருந்தால் கித்துள் பாணியும் தேவையில்லை. சீனி சேர்க்கவே வேண்டாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டினர் சில எச்சரிக்கைகளை மறக்கலாகாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திராட்சைப்பழத்தை முழுதாகக் கொடுத்தல் ஆபத்து. அது தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்திவிடக்கூடும். நீளவாக்கில் நான்காகப் பிளந்தே கொடுத்தல் வேண்டும். அழகுக்காக ஈர்க்கிலோ பற்குச்சியிலோ பழத்தைக் கோத்துச் சிறுவர் கையிற் கொடுக்க வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பிள்ளைகள் ஓடியாடித் திரியாமல் அமர்ந்திருந்தே உண்ணவேண்டும். வெட்டிய பழத்தை வெப்பத்திலே நெடுநேரம் வைத்திராது உடனே பரிமாறிவிடுதலே நலம்.

இத்தட்டை யார் உண்பது என்பதைவிட, யார் ஆக்குவது, யாருக்குக் கொடுப்பது என்பனவே நமக்கு முக்கியமானவை. தாய் செய்து பிள்ளை தின்றால் அது மற்றுமொரு சிற்றுண்டி. பிள்ளை தன் கையாற் செய்து, முதலாவது இதயத்தைப் பாட்டிக்கும் இரண்டாவதைத் தம்பிக்கும் கொடுத்துவிட்டுத் தான் மூன்றாவதை எடுத்துக்கொண்டால், அங்கே அன்பு பழக்கமாகின்றது. பல் விழுந்த தாத்தாவுக்குப் பப்பாசியே ஏற்றது என்று தெரிந்து அதனைத் தேடி எடுத்து வைக்கும் பிள்ளை, எந்த வாழ்த்து மடலிலும் எழுதப்படாத ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது.

பாடசாலைக்குக் கொடுத்தனுப்ப விரும்புவோர், குழையக்கூடிய வாழைப்பழத்தையும் தயிரையும் விடுத்து, கொய்யாத் துண்டுகளையும் தோடஞ்சுளைகளையும் மூடியுள்ள பெட்டியில் இட்டு அனுப்பலாம். அனுப்பும்போது, "உன் வாங்கிலில் இருக்கும் எல்லோருக்கும் கொடு, கொண்டுவராதவனுக்கு முதலிற் கொடு" என்று ஒரு சொற் சொல்லியும் அனுப்புங்கள். ஆசிரியர்களும் தத்தம் வகுப்பிலே, ஆளுக்கொரு பழம் கொண்டுவந்து அனைத்தையும் ஒரே தட்டிலே சேர்த்துப் பகிரும்படி செய்யலாம். ஒருவன் தோடம்பழம் கொண்டுவருவான். மற்றொருவன் வளவிலே பறித்த கொய்யாப்பழம் கொண்டுவருவான். வெட்டித் தட்டிலே கலந்துவிட்ட பின்னர் எது யாருடையது என்று யாருக்குந் தெரியாது. பின் வாங்கிலிலே இருப்பவனும் அன்று தலை குனியவேண்டிய தேவையிராது.

14ஆந் திகதி கடந்ததும் கடைக்காரர் சிவப்பு இதயங்களைக் கழற்றிவிடுவர். நம் வீட்டுப் பிள்ளைகளோ 15ஆந் திகதியும் பசியோடுதான் பாடசாலையிலிருந்து வருவார்கள். கொய்யாவும் பப்பாசியும் அன்றும் சந்தையிலே கிடைக்கும்.