தறிக்குழியை விட்டு எழுந்த பின்

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஓய்வு என்பது தேதி குறித்து வருவது. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 2020ஆம் ஆண்டில் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. வயது நிறைந்ததும் மாலை சூட்டுவார்கள். நாலு நல்ல வார்த்தை பேசுவார்கள். வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். உள்ளத்தில் எத்துணை வருத்தம் இருப்பினும், தம் உழைப்பு இன்ன நாளில் முடிந்தது, அதை நாலு பேர் மதித்தார்கள் என்ற தெளிவேனும் அவருக்கு உண்டு.

நெசவாளிக்கும் உழவருக்கும் அத்தகைய நாள் எதுவும் இல்லை. அவர்களுக்கு ஓய்வு உத்தரவைத் தருவது உடம்பு. முதலில் கண் தருகிறது. நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. விழுதின் கண்ணில் இழை கோப்பதும், அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதும் கண்ணாடி இல்லாமல் ஆவதில்லை. பின்னர் கண்புரை வருகிறது. அடுத்து முழங்கால் தருகிறது. குழித்தறியில் இறங்கி மிதி மிதித்த கால், குழியை விட்டு ஏறுவதற்கே சுவரைப் பிடிக்கிறது. மாதம் ஐந்து சேலை நெய்தவர் மூன்று நெய்கிறார், மூன்று ஒன்றாகிறது. ஒரு மாதம் சங்கத்துப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதப்படுவதில்லை. அடுத்த மாதமும் அவ்வாறே. மாலையும் இல்லை, பேச்சும் இல்லை. நாற்பது ஆண்டு உழைப்பு ஒரு வெற்றுக் கட்டத்தில் முடிந்துபோகிறது.

இதைப் பற்றி நம் சங்கங்கள் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

வயதின் காரணமாக வேலையை விட்டு ஓய்ந்திருப்பதும், அதற்கு மாதந்தோறும் ஒரு தொகை பெறுவதும் உலகிற்கே புதிய ஏற்பாடுதான். ஜெர்மனி தேசம் 1889ஆம் ஆண்டில் தொழிலாளர்களுக்கான முதுமைப் பென்ஷன் சட்டத்தை இயற்றியபோது வயதை 70 என்று வைத்தது. 1916இல் அது 65ஆகக் குறைக்கப்பட்டது. பிற தேசங்களில் இத்தகைய சட்டங்கள் பலவும் அதற்குப் பின்னரே வந்தன. அதற்கு முன்னர் மனிதன் முடிந்தவரை உழைத்தான். முடியாதபோது வீட்டில் கிடந்தான். நம்மவர்களில் பலருக்கு இன்றும் அந்தப் பழைய நிலைமைதான். ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்னைக் காட்டிலும் இன்று மனிதர் நெடுநாள் வாழ்கிறார்கள். தறியை விட்டு எழுந்த பின்பும் பதினைந்து, இருபது ஆண்டுகள் பலருக்கு எஞ்சியிருக்கின்றன. அத்தனை ஆண்டுகளையும் திண்ணையில் கழிப்பதென்பது சிறு காரியமன்று.

தறி நிற்கும்போது நின்றுபோவது கூலி மட்டுமன்று. நெசவாளியின் நாளுக்கு உருவம் கொடுத்தது தறியே. விடிவதற்கு முன் எழுந்ததும் அதற்காக. கரண்ட் போவதற்கு முன் முடிக்க வேண்டும் என்று பரபரத்ததும் அதற்காக. திருவிழாவிற்கு முன் இரவும் நெய்ததும் அதற்காக. நாடா ஓடும் சத்தம் கேட்டால் வீட்டில் உள்ளோர், அவர் வேலையில் இருக்கிறார், இப்போது ஒன்றும் கேட்கக் கூடாது என்று அறிவார்கள். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு சங்கத்திற்குப் போவதும், அங்கே நாலு பேரோடு ஊர் விஷயம் பேசுவதும், நூலை வாங்கிக்கொண்டு திரும்புவதும் அவருடைய உலகம். உழவருக்கும் அவ்விதமே. மடை திறக்க வேண்டிய நேரம், நாற்றுப் பறிக்க வேண்டிய நாள், களத்தில் படுத்துக் காவல் காக்க வேண்டிய இரவு என்று காலத்தையே நிலம் பங்கிட்டுக் கொடுத்திருந்தது. அது போனபின் எல்லா நாளும் ஒரே நாளாகத் தோன்றுகின்றன. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா என்று நம் முன்னோர் சொன்னது அனுபவத்தில் கண்ட உண்மை.

ராபர்ட் அட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஓய்வு பெறுவோரின் மனநிலையை ஆராய்ந்து 1976இல் சில படிகளாக வகுத்துரைத்தார். தொடக்கத்தில் ஒரு விடுதலை உணர்ச்சி. அது தீர்ந்தபின் ஒரு வெறுமை. அதன்பின் தன்னைத் தானே ஒழுங்கு செய்துகொண்டு புதிய வாழ்க்கைக்குப் பழகுதல். எல்லோரும் இப்படிகளை ஒரே வரிசையில் கடப்பதில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். நம் தெருக்களிலும் இதைக் காணலாம். முதல் சில மாதங்கள் பேரப் பிள்ளைகளோடும் கோயில் குளத்தோடும் இனிதாகக் கழிகின்றன. பின்னர்ச் சிடுசிடுப்பு வருகிறது. சாப்பாட்டில் குற்றம், மகன் செலவில் குற்றம், மருமகள் குரலில் குற்றம். வயதானால் புத்தி இப்படித்தான் என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது புத்தியின் கோளாறன்று. தன்னை எதற்கும் எவரும் கேட்பதில்லை என்ற வேதனை வேறு வழியின்றிச் சோற்றுத் தட்டின் முன் வெளிப்படுகிறது, அவ்வளவே.

இங்கே இரு தரப்பாரும் தவறு செய்கிறார்கள். “நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா” என்று பிள்ளைகள் அன்பினால் சொல்கிறார்கள். கேட்பவர் காதில், “உங்களால் இனி ஆவது ஒன்றுமில்லை” என்று அது விழுகிறது. பெரியவரோ, கையில் வேலை இல்லாவிட்டாலும் அதிகாரம் தம்மிடமே இருக்க வேண்டும் என்று எண்ணுகிறார். மகன் புது விதை போட்டால் ஆகாது. மருமகன் தறியில் புது மோஸ்தர் ஏற்றினால் ஆகாது. கேட்டால் சொல்வது என்பது ஒன்று. கேளாமல் ஆள்வது என்பது வேறு. கைத்தொழிலை மகனிடம் கொடுப்பவர், தவறு செய்து கற்றுக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தமக்கும் அந்த உரிமையை எவரோ ஒருவர் முன்பு கொடுத்திருந்தார் என்பதை அவர் நினைத்துப் பார்த்தல் நலம்.

இவ்விடத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி நாட்டிலுள்ள கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். நம் வீடுகளில் தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும், தானே தறியில் அமர்வதும் அவர்களே. ஆண்மகன் தறியை விட்டு எழுந்ததும் ஓய்ந்தார் என்கிறோம். அதே வயதுடைய அவர் மனைவி காலையில் அடுப்பு மூட்டுவதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. பகல் முழுதும் வீட்டில் இருக்கும் கணவருக்கு மூன்று வேளையோடு நான்காவது வேளைக் காப்பியும் சேர்ந்துகொள்கிறது. ஓய்வு என்பது வீட்டிற்கு வருமானால் இருவருக்கும் வர வேண்டும். தண்ணீர் எடுப்பதும், காய் நறுக்குவதும், குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டு விடுவதும் நெசவாளிக்கு இழிவான காரியங்கள் அல்ல.

இனிச் செய்ய வேண்டுவது யாது? முதலாவது, ஒரே நாளில் நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும். ஓடும் வண்டியை இழுத்துப் பிடித்து நிறுத்துவதைவிட மெல்ல நிறுத்துவது மாட்டுக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது. நுணுக்கமான வேலையிலிருந்து எளிய வேலைக்கும், முழு நாளிலிருந்து அரை நாளுக்கும் படிப்படியாக இறங்கலாம். தறியில் அமர முடியாதவர் தார் சுற்றலாம். சங்கத்திற்கு வரும் துணியின் தரம் பார்க்கலாம். புதிதாகத் தறி ஏறும் பிள்ளைகளுக்குப் பாவு பிணைக்கக் கற்றுக் கொடுக்கலாம். சேலையைத் தொட்ட மாத்திரத்தில் ஊடை எங்கே தளர்ந்தது என்று சொல்லும் விரல்கள் அவருடையவை. விவசாயச் சங்கங்களிலும் விதை நெல் தேர்வு, வாய்க்கால் பராமரிப்பு, எடை மேற்பார்வை போன்றவற்றில் பெரியவர்களின் அனுபவம் பயன்படும். இவற்றுக்கு ஒரு சிறு தொகையேனும் கொடுக்க வேண்டும். கூலி வாங்கிப் பழகிய மனிதனுக்கு வெறும் மரியாதையைக் காட்டிலும் கூலியோடு கூடிய மரியாதையே மரியாதை.

இரண்டாவது, அங்கத்தினர் என்பவர் தறி அல்லர். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடித் தொடங்கிய கடையே நவீனக் கூட்டுறவுக்கு வழிகாட்டியாயிற்று. அவர்களுள் நெசவாளிகளும் இருந்தனர். பங்குத் தொகை எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற நெறி அவ்வழியாக நமக்கு வந்தது. நெய்யும் கஜத்துக்கு ஒரு வாக்கு என்று அவர்கள் வைக்கவில்லை. அப்படியிருக்க, நெய்வதை நிறுத்தியவரை நாம் மறந்தவர் போல் நடத்துவது கூட்டுறவு ஆகாது. மூன்று மாதம் ஓர் அங்கத்தினரின் கணக்கில் வேலை எழுதப்படாவிட்டால், நிர்வாகக் கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் அவர் வீட்டிற்குச் சென்று விசாரிப்பது வழக்கமாக வேண்டும். கண்ணில் புரையா, காலில் வலியா, மனத்தில் சோர்வா என்று கேட்டறிய வேண்டும். புரையானால் ஒரு சிறு சிகிச்சையில் சரியாகி அவர் மீண்டும் தறியேறவும் கூடும். ஆண்டு மகாசபையில், அவ்வாண்டு தறியை விட்டு எழுந்தவர்களின் பெயர்களை வாசித்து, எத்தனை ஆண்டு உழைத்தார்கள் என்று சொல்லி ஒரு துண்டு போர்த்துவதற்கு ஆகும் செலவு எவ்வளவு? அரசு ஊழியருக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளை நம்மவருக்கு நாமே கொடுக்கலாம்.

மூன்றாவது பொருள் சம்பந்தமானது. மனம் அமைதியுற வேண்டுமானால் மடியில் நாலு காசு வேண்டும். இது முதுமையில் தொடங்க வேண்டிய காரியமன்று. நெசவாளர்களுக்கான சேமிப்புத் திட்டத்தில் செலுத்துவதை ஒரு மாதமும் தவறவிடலாகாது. சிறு, குறு விவசாயிகளுக்கென மத்திய அரசு 2019இல் தொடங்கிய பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள்தான் சேர இயலும். மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்தினால் 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்க வழி செய்யப்பட்டது. நாற்பதைக் கடந்தபின் நினைத்தால் பயனில்லை. நிலத்தையோ வீட்டையோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க விரும்புவோர் அவசரப்பட வேண்டாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யுமாறு தீர்ப்பாயத்தில் கேட்க அதன் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தல் அறிவுடைமை. இது பிள்ளைகள் மீது அவநம்பிக்கை அன்று. பாசத்தைச் சோதனைக்கு உள்ளாக்காமல் காக்கும் வேலி.

நூல் கிடைப்பது அரிதாகி, துணி தேங்கிக் கிடக்கும் இக்காலத்தில், நெய்கிறவர்களையே காப்பாற்ற முடியாத சங்கம் நெய்யாதவர்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இளைஞர்கள் தறிக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் வருந்துகிறோம். கூலி குறைவு என்பது முதற் காரணம், அதை மறைப்பதற்கில்லை. மற்றொரு காரணமும் உண்டு. இளைஞன் தறியில் அமர்வதற்கு முன் எதிர்த் திண்ணையைப் பார்க்கிறான். நாற்பது ஆண்டு நெய்த முதியவர் கேட்பாரற்று அங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தொழிலின் முடிவு இதுதான் என்று அவன் கணக்குப் போடுகிறான். அந்தத் திண்ணையில் நாம் காட்டும் மரியாதையைக் காட்டிலும் பெரிய விளம்பரம் நம் தொழிலுக்கு இல்லை.

ஆண்டு பல ஆகியும் நரை இல்லாதது எதனால் என்று கேட்டவர்களுக்குப் புறநானூற்றில் பிசிராந்தையார் கூறிய விடையைப் பலரும் அறிவர். மருந்தையோ உணவையோ அவர் சொல்லவில்லை. நல்ல குடும்பம், தாம் கருதியதையே கருதும் ஏவலர், நீதி தவறாத அரசன் ஆகியவற்றோடு, தம் ஊரில் வாழும் சான்றோரையும் காரணமாகச் சொன்னார். ஒருவருடைய முதுமை அவர் உடம்பில் மட்டும் இல்லை. அவர் வாழும் ஊரிலும் இருக்கிறது என்பது அதன் கருத்து. அந்த ஊராக இருப்பதற்கே சங்கம் என்று பெயர்.

ஆகவே வரும் மகாசபைக்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் தன் பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கட்டும். வெற்றுக் கட்டங்களுக்கு நேரே இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதட்டும். பின்னர் நிர்வாகக் கமிட்டியினர் அந்தத் தாளோடு தெருவில் இறங்கி நடக்கட்டும். மற்றவற்றை அந்தத் திண்ணைகளில் இருப்பவர்களே சொல்லித் தருவார்கள்.